குரல் இல்லாத கீப்பர்

பதினெட்டு வருடம் கால்பந்து மைதானத்தில் கோல்போஸ்ட்டுக்கு முன்னால் நின்றவன் நான். 2009-இல், 34 வயதில், வலது தோள் போதும் என்று சொல்லிவிட்டது. பெரிய பெயரெல்லாம் கிடையாது. கிளப் ஆட்டங்கள்தான். தேசிய அணியின் முகாமுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தவன். மறுவருடமே வெளிநாட்டுக்குக் கிளம்பினேன். இன்றுவரை மூன்று நாடுகள், ஐந்து கிளப்புகள், எல்லாவற்றிலும் கோல்கீப்பர் கோச் வேலை. நடுவில் ஏழு மாதம் மட்டும் ஹெட் கோச். அது எப்படிப் போனது என்று பிறகு சொல்கிறேன்.

ஆட்டத்தை விட்ட கீப்பர்கள் சிலர் அவ்வப்போது கூப்பிட்டுக் கேட்பார்கள். என்ன லைசென்ஸ் வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும், என்ன கிடைக்கும் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் போன முதல் மாலையே என்னைக் கவிழ்த்தது லைசென்ஸும் இல்லை, சம்பளமும் இல்லை. என் வாய்.

கீப்பருக்குக் கையைவிட வாய்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். களத்தில் மற்ற பத்துப் பேருக்கும் முதுகில் கண் கிடையாது. அந்தக் கண் கீப்பர்தான். பின்னால் ஆள் வருகிறான், விடு, என் பந்து, மேலே ஏறு என்பதெல்லாம் சரியான நொடியில் வாயிலிருந்து வந்துவிட்டால் ஷாட்டே வராது. டைவ் அடிக்கத் தேவையில்லாமல் போன ஆட்டங்கள்தான் நான் ஆடியதில் நல்ல ஆட்டங்கள். பார்த்தவர்களுக்கு அது தெரியாது, அது வேறு விஷயம். கடும் ஆட்டத்துக்கு அடுத்த இரண்டு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். வீட்டில் சைகையால்தான் பேசுவேன்.

அப்படிப்பட்டவன் வெளிநாட்டில் ஒரு செயற்கைப் புல் மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில், பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் நான்கு பேருக்கு முன்னால் நிற்கிறேன். மொழிபெயர்க்க ஆள் வருவார் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. கிளம்புமுன் இரண்டு மாதம் புத்தகம் வைத்துப் படித்த மொழி என்னிடம் இருந்தது. வணக்கம், நன்றி, ரயில் நிலையம் எங்கே? ஆறு கஜத்தில் நிற்கும் பையனிடம் இவற்றில் எதைச் சொல்வது? முதல் ஷாட் போனது. பழக்கதோஷத்தில் என் மொழியிலேயே கத்தினேன். நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவன் மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத் தூக்கினான். ஊமை கண்ட கனவு என்பார்களே, அப்படித்தான் இருந்தது. அவன் செய்த தப்பு என் கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது, சொல்ல வழியில்லை.

வேறு வழி தெரியாமல் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பையன்களையே மாறி மாறி அடிக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, நாற்பது நிமிடம் வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அதுவரை என் வாழ்க்கையில் ஒரு கீப்பரை அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் பார்த்ததில்லை.

நான்கு பேரில் உயரமானவன் ஒருவன். நல்ல கை, வேகமான கால். ஆனால் பக்கத்தில் தரையோடு வரும் பந்து மட்டும் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் கை இறங்க நேரமாகிறது என்று நினைத்தேன். பத்துப் பதினைந்து ஷாட்டுக்கு அப்புறம்தான் காலைப் பார்த்தேன். அடிப்பவன் காலைப் பின்னால் இழுக்கும்போது இவன் ஒரு சின்னத் துள்ளல் துள்ளுகிறான். துள்ளுவது தப்பில்லை, பெரும்பாலான கீப்பர்கள் துள்ளுவார்கள். ஆனால் பந்தில் கால் படும் நேரத்தில் இவன் இரண்டு பாதமும் இன்னும் காற்றில் இருந்தன. காற்றில் இருப்பவனால் எந்தப் பக்கமும் உந்த முடியாது. இறங்கிவிட்டுத்தான் தள்ள முடியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து பெனால்டி தூரமான 11 மீட்டரைக் கடக்க 0.4 நொடிதான் ஆகும். அதில் இறங்குவதற்கே ஒரு பங்கு போய்விட்டால் 7.32 மீட்டர் அகல கோலில் ஒரு மூலையை எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரிதான்.

இதை எப்படிச் சொல்வது? கையைத் தட்டினேன். அடிப்பவனுடைய கால் பந்தில் படும் நொடியில் ஒரு தட்டு. தட்டு கேட்கும்போது உன் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும் என்று என் காலைக் காட்டி நடித்துக் காண்பித்தேன். பத்துத் தடவை அவனுக்குப் புரியவில்லை. பதினோராவது தடவை, தட்டுக்கு முன்பே இறங்கி, முழங்கால் லேசாக மடங்கி, குதிகாலில் எடை விழாமல் நின்றான். பந்து வலது பக்கம் தாழ்வாகப் போனது. விழுந்து பிடித்துவிட்டு, பந்தை மார்போடு அணைத்தபடி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

அந்தத் தட்டை நான் இன்றும் விடவில்லை. மொழி தெரிந்த பிறகும் சொல்லைவிட அதுதான் வேலை செய்கிறது. சரியான நொடியில் நில் என்று சொல்லி முடிப்பதற்குள் நொடி போய்விடுகிறது.

அப்புறம் மொழியைக் கற்க ஆரம்பித்தேன், இந்த முறை புத்தகத்தை மூடிவிட்டு. போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இலக்கணம் பிறகு வரும், முதலில் களத்துச் சொற்கள் இருபதைப் பிடியுங்கள். என் பந்து, அடித்து விரட்டு, வெளியே, நில், பின்னால் ஆள், இடது, வலது, மேலே ஏறு, மறுபடியும், நல்லது, ஒன்று முதல் பத்துவரை எண்கள். இவற்றை அகராதியில் தேடாதீர்கள். பையன்கள் ஆட்டத்தில் கத்துவதைக் காதால் கேட்டு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் அகராதியில் தேடியவன். பந்தைத் தடுத்ததற்கு ஆங்கிலத்தில் சேவ் என்கிறோம் இல்லையா, அதை வைத்து அவர்கள் மொழிச் சொல்லைக் கண்டுபிடித்து, மூன்று வாரம் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அது பணம் சேமிப்பதற்கான சொல். 'அருமையான சேமிப்பு!' பையன்கள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவனுடைய அப்பாதான் கடைசியில் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார். அதன்பின் அந்த அணியில் யார் நல்ல சேவ் செய்தாலும் அந்தச் சொல்லைத்தான் கத்துவார்கள்.

சொல் இருபதுதான் என்று ஆனதும் ஒரு லாபம் வந்தது. நான் எவ்வளவு பேசுகிறவன் என்று தெரிந்தது. எனக்குக் கிடைத்த கோச்சுகள் எல்லாரும் பேச்சாளர்கள். ஒரு கோல் விட்டால் கை, கால், தலை, எண்ணம் என்று ஆறு குறை சொல்வார்கள். மொழி இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். இருபது சொல்லை வைத்துக்கொண்டு ஆறு குறை சொல்ல முடியாது. ஒன்றைத்தான் சொல்ல முடியும், அதுவும் எது முக்கியமான ஒன்று என்று யோசித்துத்தான். ஒரு பயிற்சிக்கு ஒரு விஷயம் என்று அப்போது வந்த வழக்கம், வாய் வந்த பிறகும் தங்கிவிட்டது. ஆட்டத்தின் நடுவே பெஞ்சிலிருந்து கீப்பரிடம் எதுவும் சொல்வதில்லை என்பதும் அப்படித்தான். கத்தினால் பையன் திரும்பிப் பார்ப்பான். அந்த நொடியில் பந்து அவன் பக்கம் வராது என்று என்ன நிச்சயம்?

சரி, லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சி, பி, ஏ, ப்ரோ என்று பொதுப் பயிற்சியாளர் படிகள் உண்டு. கோல்கீப்பர் கோச்சுக்குத் தனிச் சான்றிதழ்களும் உண்டு. ஒரு கண்டத்தில் வாங்கியது இன்னொரு கண்டத்தில் தானாகச் செல்லும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். போகிற நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதி, உங்கள் சான்றிதழை எந்தப் படியாக எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் கிளப் சொன்ன வார்த்தையை நம்பிப் போய், கீழ்ப்படியிலிருந்து மறுபடி பரீட்சை எழுதினேன், அதுவும் பாதி புரிந்த மொழியில். இன்னொன்று, ஐரோப்பிய லைசென்ஸ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் தொடர்பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருந்தால்தான் புதுப்பிப்பார்கள். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சீசன் நடுவில் காலாவதியாகி, பயிற்சிக்கு வரும் பெற்றோர்களோடு கம்பிக்கு வெளியே நின்றார்.

கீப்பர் சான்றிதழ் போதும், பொது லைசென்ஸ் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. அது தப்பு என்று விதிகளே எனக்குச் சொல்லிக் கொடுத்தன. 1992-இல், சொந்த அணி ஆள் காலால் பின்னுக்குத் தட்டும் பேக்பாஸைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வந்தபோது எனக்கு 17 வயது. அதற்கு முன் நெருக்கடி வந்தால் டிஃபெண்டர் எனக்குத் தட்டுவான், நான் எடுத்துவைத்து நேரம் கடத்துவேன். 1990 உலகக் கோப்பை ஆட்டங்கள் அப்படித்தான் தூங்கி வழிந்தன என்று எல்லாரும் அலுத்துக்கொண்டதன் விளைவுதான் அந்த விதி. எனக்கோ காலால் பந்தை நிறுத்தவே வராது. புது விதியில் நான் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், என்னிடம் வந்த பேக்பாஸை ஓங்கி உதைக்கப் போய், பந்து என் முழங்காலில் பட்டு எதிரணி ஆளின் காலடியில் போய் உட்கார்ந்தது. கோல். டிஃபெண்டர்கள் ஒரு மாதம் எனக்குப் பாஸே தரவில்லை. 2019-இல் இன்னொரு மாற்றம் வந்தது. எதிரணி வெளியே அடித்த பந்தைக் கோலுக்குப் பக்கத்திலிருந்து உதைத்துத் தொடங்கும் கோல்கிக்கில், பந்து கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டமான பாக்ஸைத் தாண்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சொந்த டிஃபெண்டர் பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். அன்றிலிருந்து ஆட்டம் கட்டப்படும் இடமே கீப்பரின் காலடி ஆகிவிட்டது. ஹெட் கோச் பலகையில் அம்புக்குறி போடும்போது அதில் முதல் வட்டம் உங்கள் ஆள். அந்த அறையில் உட்கார்ந்து, இந்தப் பாஸ் என் பையனுக்கு இடது காலில் வராது, வேறு வழி வைப்போம் என்று சொல்லத் தெரியாவிட்டால், நீங்கள் மூலையில் பந்து உதைத்துக் கொடுக்கிற ஆள் மட்டும்தான். பி லைசென்ஸ் வரையாவது பொதுப் படிப்பைப் படியுங்கள்.

சம்பளம். முதல் கிளப்பில் நான்கு மாதம் ஒரு காசும் வரவில்லை. ஒப்பந்தம் எனக்குப் புரியாத மொழியில் இருந்தது, ஏஜென்ட் வாசித்துச் சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன். வேலை அனுமதி வந்த நாளிலிருந்துதான் ஒப்பந்தம் உயிர் பெறும் என்று ஒரு வரி அதில் இருந்தது. அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் அவசரப்படவில்லை. நான் தினமும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்று எனக்கு ஓட ஒரு வாசலும் தெரியவில்லை. 2021 ஜனவரியிலிருந்து உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பயிற்சியாளர்களுக்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும் என்ற மாதிரி நிபந்தனை போடக் கூடாது. தொழில்முறை கிளப்புக்கும் வெளிநாட்டுக் கோச்சுக்கும் தகராறு என்றால் ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்கே போகலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கீப்பர் கோச்சும் இதில் அடக்கம். பள்ளி, பொழுதுபோக்கு அகாடமி வேலைக்கு இது பொருந்தாது. அங்கே அந்தந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம்தான். எதுவானாலும் உங்கள் மொழியிலோ உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியிலோ ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, ஏஜென்ட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படியுங்கள். அந்த வேலைக்கு ஒருவருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

அடுத்து யாரும் எச்சரிக்காத ஒன்று, உதைப்பது. காலமெல்லாம் பந்தைத் தடுத்தவனுக்குத் திடீரென்று பந்தை அடிப்பதுதான் வேலை. ஒரு பயிற்சியில் நூறு, நூற்றைம்பது பந்து அனுப்ப வேண்டும். இடுப்பு உயரத்துக்கு ஒன்று, வலது மூலைக்குத் தரையோடு ஒன்று, தலைக்கு மேல் வளைந்து ஒன்று. இருபது பந்தில் எட்டுப் பந்து கோலுக்கு வெளியே போனால் கீப்பர் என்ன கற்றுக்கொள்வான்? பந்து பொறுக்கக் கற்றுக்கொள்வான். முதல் வருடம் தினமும் காலையில் ஆள் வருமுன் மைதானத்துக்குப் போய், சுவரில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டு, கையிலிருந்து பந்தை விட்டுத் தரையில் பட்டு எழும்போதே உதைத்துப் பழகினேன். நின்ற பந்தை உதைப்பதைவிட இதில் இலக்கு தப்புவது குறைவு, காலுக்கும் பாரம் குறைவு. இடது காலையும் பழக்குங்கள். ஒரே காலில் வருடக்கணக்காக உதைத்த எனக்கு இடுப்பு மூட்டு போய், இப்போது படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறேன். கிட்ட வரும் பந்துகளைக் கையாலேயே எறியுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கௌரவம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் நானே கோலில் நின்று டைவ் அடித்துக் காட்டுவேன். பையன்கள் கைதட்டுவார்கள். எனக்கும் சந்தோஷமாக இருக்கும். அது பயிற்சி இல்லை, எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மிட்டாய். ஒருநாள் அந்த வீம்பில் அறுவை சிகிச்சை செய்த தோளில் விழுந்து, ஆறு வாரம் ஒரு கையால் பயிற்சி கொடுத்தேன். அந்த ஆறு வாரத்தில் பையன்கள் வேகமாக முன்னேறினார்கள், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் காட்ட முடியாததால், பெரிய பையனைச் சின்னவனுக்குக் காட்டச் சொன்னேன். தன் கை எங்கே போகிறது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் சில சங்கதிகளில் நான் பிடிவாதக்காரன். பத்து வயதுப் பிள்ளையின் கையில் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தைக் கொடுக்க மாட்டேன். அதன் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், அந்தக் கையில் அடங்காது. அடங்காத பந்தைப் பிடிக்கப் போனால் விரல் பின்னால் மடங்கும், பயம் வரும், பயம் வந்தால் முகத்தைத் திருப்பும் பழக்கம் வரும். அதை எடுக்க இரண்டு வருடம் ஆகும். டைவ் அடிக்கும் பாடத்தை முட்டி போட்ட நிலையில் ஆரம்பிப்பேன், பிறகு குந்திய நிலை, பிறகுதான் நின்றபடி. விழும்போது முழங்கையோ இடுப்பெலும்போ தரையில் இடிக்கக் கூடாது. கெண்டைக்கால், தொடை, விலா என்று பக்கவாட்டில் உருள வேண்டும். தலையில் அடி பட்டால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான், பிள்ளை எத்தனை தடவை நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும். நான் ஆடிய காலத்தில் தண்ணீர் தெளித்து நிற்க வைத்தார்கள். ஒரு ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க எனக்கு இன்றுவரை ஞாபகமே இல்லை, ஒன்றுக்கு ஒன்று டிரா என்று பேப்பரில்தான் பார்த்தேன்.

இரண்டாவது நாட்டுக்குப் போனபோது நான் செய்த தப்பு வேறு மாதிரி. மொழி சீக்கிரம் வந்துவிட்டது, அதனால் வாயும் நீண்டுவிட்டது. எதிராளி தனியாகப் பந்தோடு வரும்போது, நான் கற்ற முறையில் கையை முன்னால் நீட்டிக் காலடியில் பாய்வோம். அங்கே ஒரு முழங்காலை இறக்கி, கைகளை விரித்து, உடம்பைச் சுவராக்கி நிற்கப் பழகியிருந்தார்கள். ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. வந்த வாரமே மாற்றப் புகுந்தேன். மூத்த கீப்பர், என்னைவிட ஐந்தே வயது சின்னவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'கோச், நீங்கள் சொல்கிற மாதிரி செய்கிறேன். சனிக்கிழமை கோல் விட்டால் பத்திரிகைக்காரர்களிடம் நீங்கள் பேசுவீர்களா?' என்றார். நியாயமான கேள்வி. கிட்டத்தில், மூன்று நான்கு மீட்டரில், அவர் முறைதான் சரி என்று ஆட்டங்களைப் பார்த்தபின் நானே ஒப்புக்கொண்டேன். தூரம் அதிகமானால் என் முறை. இப்போது எங்கே போனாலும் வளர்ந்த கீப்பரின் பழக்கத்தில் பாதி சீசன் வரை கை வைப்பதில்லை. பார்த்து எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

எந்த மொழியிலும் எனக்கு எளிதாக வராத பேச்சு ஒன்று உண்டு. இரண்டாவது கீப்பரிடம் பேசுவது. ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் இருந்தால் அறுபதாவது நிமிடம் இறங்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். ரிசர்வ் கீப்பருக்கோ, முன்னால் நிற்பவன் அடிபட்டால்தான் வாய்ப்பு. அடிபட வேண்டும் என்று நினைக்கவும் முடியாது, நினைக்காமல் இருக்கவும் முடியாது. 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசியில் நெதர்லாந்து, முதல் கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு, வரப்போகும் பெனால்டிகளுக்கென்றே ரிசர்வ் கீப்பர் டிம் க்ரூலை இறக்கியது. க்ரூல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார், அணி அரையிறுதிக்குப் போனது. எல்லாரும் அந்த உத்தியைப் பாராட்டினார்கள். க்ரூலுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், சிலெசனுக்குச் சொல்லவில்லை. வெளியே வந்தவர் கோபத்தில் தண்ணீர் பாட்டிலை உதைத்தார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நான் க்ரூலைப் பார்ப்பதில்லை. அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக மறுபடி பெனால்டி வந்தது, மாற்று ஆட்கள் எல்லாம் முடிந்திருந்தார்கள், சிலெசன்தான் நின்றார், தோற்றார்கள். யார் ஆடுவது என்பதை நான் வெள்ளிக்கிழமை காலையில், இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, நானே சொல்கிறேன். மொழி தடுமாறினாலும் மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்வதில்லை. உனக்கு இந்த வாரம் இடமில்லை என்பதை மூன்றாவது ஆள் வாயிலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேசிய அணியின் அந்த முகாம்கள் இரண்டிலும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

கீப்பர் ஹெட் கோச் ஆக மாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். டோனி வெயிட்டர்ஸ் இங்கிலாந்தின் கீப்பர். கனடாவை 1986 உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போனது அவர்தான். நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ ஆடிய காலத்தில் அதிகமும் பெஞ்சில் இருந்த கீப்பர். போர்ச்சுகலிலிருந்து போய் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் அணிகளை நடத்தியவர். ஸ்பெயின் தேசிய அணிக்குக் கோச்சாக இருந்த ஹூலன் லோபெடெகியும் கீப்பர்தான். யூகோஸ்லாவியாவின் கீப்பர் விளாடிமிர் பெயாராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவர் எழுபதுகளில் கேமரூனுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். அந்த நாட்டிலிருந்து பின்னால் வந்த கீப்பர் தாமஸ் என்கோனோவின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் இத்தாலியின் பஃபோன் கீப்பர் ஆக ஆசைப்பட்டார். அதே என்கோனோ ஸ்பெயினில் எஸ்பான்யோல் கிளப்பில் நெடுநாள் கீப்பர்களுக்குக் கோச்சாக இருந்தார்.

இத்தனை பேர் பெயரைச் சொல்லிவிட்டு என் ஏழு மாதத்தைச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஹெட் கோச்சாக இருந்த அந்த ஏழு மாதமும் நான் பெஞ்சில் நின்றபடி என் கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எதிரணி பாதியில் இருக்கும்போதுகூட என் கண் என் டிஃபெண்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் போகும். கோல் அதிகம் விடவில்லை. அடிக்கவும் இல்லை. பாதி ஆட்டங்கள் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். வேலையை விட்டு எடுத்த நாளில் கிளப் தலைவர் சொன்னது, 'உங்கள் அணியை யாராலும் ஜெயிக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.' ஒரு மாதம் கழித்துச் சிரிப்பு வந்தது. தாக்குதலுக்கென்று ஒரு நல்ல உதவியாளரை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டேன்.

இப்போது இருப்பது மூன்றாவது நாடு. மொழி மறுபடி புதிது, ஐம்பது வயதில் நாக்கு வளைய மறுக்கிறது. ஆனால் இந்த முறை மைதானத்தில் முதல் வாரமே எண்கள் தேவைப்பட்டன. 2025-இலிருந்து கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃபரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். முன்பு ஆறு நொடி, அதற்குத் தண்டனை நேராகக் கோல் போட முடியாத இண்டைரக்ட் ஃப்ரீகிக், ஆனால் யாரும் கண்டுகொண்டதில்லை. இப்போது கண்டுகொள்கிறார்கள். அதனால் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் நானே ரெஃபரி. பிடித்த நொடியிலிருந்து உரக்க எண்ணுகிறேன். அதற்குள் எழுந்து, பார்த்து, எறிந்தோ உதைத்தோ அனுப்பிவிட வேண்டும்.

போன வாரம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கோலில் இருந்தாள். நல்ல கேட்ச், உயரத்தில், விரல்கள் பந்துக்குப் பின்னால் விரிந்து அழகாக வந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து, ஆறு, ஏழு. அந்த மொழியில் ஏழு என்பதில் ஒரு ஒலி இருக்கிறது, என் நாக்குக்கு அது வருவதே இல்லை. அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே முகத்தைச் சுளித்து, 'அப்படி இல்லை, கோச்' என்று சொல்லி, அந்தச் சொல்லை மெதுவாக உடைத்துச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது போலிருக்கிறது, சிரித்தாள். அதற்குள் மற்ற பிள்ளைகள் வேறொரு பந்தை எடுத்துக்கொண்டு கார்னர் கொடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.